சுமார் 1670: ஒரு கோடை மாளிகையும் வரலாற்றுப் பாடவேளையும்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'நவீன யுகத்தின் தொடக்கம்' பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மறுமலர்ச்சி என்ற பகுதி மாணவர்களிடம் வெறும் பெயர்ப் பட்டியலாகத் தங்கிவிடும். லியோனார்டோ டாவின்சி, மைக்கேலேஞ்சலோ, ரஃபேல் என்று ஒப்பிப்பார்கள். பொருத்துக வினாவில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். "சரி, மறுமலர்ச்சி வந்ததால் அந்த நாட்டுக்காரர்களின் வாழ்க்கையில் என்ன மாறியது?" என்று கேட்டால் வகுப்பு மின்விசிறியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

குன்றத்தூரில் எங்கள் அரசுப் பள்ளியில் கடந்த மார்ச் மாதத் திருப்புதலின்போது, ஓவியங்களை விட்டுவிட்டு ஒரே ஒரு கட்டடத்தைக் கொண்டு இப்பகுதியைத் திரும்ப நடத்தலாம் என்று நினைத்தேன். தேர்ந்தெடுத்தது செக் குடியரசின் தலைநகரான பிராக் நகரில் உள்ள அரசி அன்னாவின் கோடை மாளிகை. நான் நேரில் பார்த்ததில்லை. ஸ்மார்ட் போர்டில் படங்களைக் காட்டித்தான் தொடங்கினேன்.

அந்த மாளிகையின் கதை வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது. பொஹீமியாவின் அரசர் முதலாம் பெர்டினாண்ட் தன் மனைவி அன்னாவுக்காக 1538-இல் கட்டத் தொடங்கினார். வேலையை நடத்த இத்தாலியிலிருந்து பாவ்லோ டெல்லா ஸ்டெல்லா என்ற சிற்பி வந்தார். பிராக் கோட்டைக்குள் இடம் இல்லாமலில்லை. ஆனாலும் கோட்டைக்கு வெளியே, ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி, சில ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய அரச தோட்டத்தின் ஓரத்தில் இதை அமைத்தார்கள். இதற்கு அகழி இல்லை, மதில் இல்லை, அம்பு எய்யும் துளைகள் இல்லை. தரைத்தளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தூண்களும் வளைவுகளும் கொண்ட திறந்த தாழ்வாரம். சுவரில் கிரேக்கக் கதைகளின் புடைப்புச் சிற்பங்கள். கூரை கவிழ்த்து வைத்த கப்பலைப் போல இருக்கும். செம்புத் தகடு பச்சை பூத்துப்போய் இன்றும் அப்படியே நிற்கிறது.

"முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ராஜா என்றால் என்ன கட்டியிருப்பார்?" என்று கேட்டேன். "கோட்டை" என்றார்கள். "இவர் ஏன் மதில் இல்லாமல் கட்டினார்?" சிறிது நேரம் கழித்து ஒரு மாணவன், "பயம் போயிடுச்சு மிஸ். ஜாலியா உக்காரணும்னு தோணிடுச்சு" என்றான். மறுமலர்ச்சி பற்றி என் வகுப்பில் இதுவரை வந்த விடைகளில் இதைத்தான் சிறந்தது என்பேன். மனித வாழ்வின் இன்பமும் அழகும் சிந்தனைக்குரியவை, பழைய கிரேக்க, ரோமானியக் கலை மீண்டும் கற்கத் தகுந்தது என்ற எண்ணம் செங்கல்லிலும் கல்லிலும் இறங்கினால் அது இப்படித்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி நான் எதிர்பாராதது. "அங்க பனி கொட்டுற ஊரு மிஸ். அவங்களுக்கு எதுக்கு சம்மர் பேலஸ்? நமக்குத்தான வேணும்?"

நியாயமான கேள்வி. உலக வரைபடத்தை எடுத்தோம். பிராக் ஏறத்தாழ 50 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே கோடை என்றால் வெளியே வந்து வெயில் காயும் காலம். நமக்குக் கோடை என்றால் வெயிலுக்கு ஒளியும் காலம். ஒரே சொல்தான், அதன் பொருள் ஊருக்கு ஊர் வேறு. புவியியல் ஆசிரியர் ஒரு பாடவேளையில் சொல்லும் செய்தி இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"நம்ம பக்கம் அப்படி எதுவும் இல்லையா மிஸ்?"

"ஏன் இல்லை? மதுரையில் தமுக்கம் இருக்கிறதே. ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை" என்றேன். கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 'தமுக்கம் அரண்மனை. கட்டியவர்: ராணி மங்கம்மாள். ஆண்டு: 1670.' பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

இரண்டு நாள் கழித்து, எப்போதும் இரண்டாம் வரிசையில் அமர்ந்து அதிகம் பேசாத ஒரு மாணவி இடைவேளையில் வந்து நின்றாள். கையில் பள்ளி நூலகப் புத்தகம். "மிஸ், மங்கம்மாள் ஆட்சி செஞ்சது 1689-ல இருந்து 1706 வரைக்கும்னு போட்டிருக்கு. 1670-ல எப்படி மிஸ் கட்டியிருப்பாங்க?"

இருபது ஆண்டுகளை நெருங்கும் பணிக்காலத்தில் இந்த வரியை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருநாளும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பிறகு, "எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிப் போனாளா, மிஸ் மறந்துவிடுவார் என்று நினைத்துப் போனாளா, தெரியாது. தேர்வு வந்தது, விடுமுறையும் வந்தது. கேள்வி மட்டும் என்னிடம் இருந்தது.

மே மாதம் உறவினர் திருமணத்துக்காக மதுரை போனேன். மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லாரும் "இந்த வெயிலிலா?" என்று கேட்கக் கேட்க, தமுக்கத்துக்குக் கிளம்பினேன். கோடை மாளிகையைக் கோடையில்தானே பார்க்க வேண்டும்?

மதுரைக்காரர்களுக்குத் தமுக்கம் என்றால் மைதானம். சித்திரைத் திருவிழாவையொட்டிப் பொருட்காட்சி நடக்கும் இடம். மைதானத்துக்கு அருகில் இருக்கும் வெள்ளை மாளிகையை எல்லாரும் காந்தி அருங்காட்சியகம் என்றுதான் சொல்கிறார்கள். நான் ஏறிய ஆட்டோக்காரரும் "காந்தி மியூசியமா?" என்றுதான் கேட்டார். அரண்மனை என்ற சொல்லைக் காணோம்.

போகும் வழியிலேயே முதல் பாடம் கிடைத்துவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலும் பழைய கோட்டை நகரமும் வைகைக்குத் தெற்கே. தமுக்கம் ஆற்றைக் கடந்து வடக்கே. நெருக்கமான ஊரை விட்டு, ஆற்றுக்கு அப்பால், காற்று தடையின்றி வரும் வெளியில் மாளிகை. பிராக் நகரில் கோட்டைக்கும் கோடை மாளிகைக்கும் நடுவே பள்ளத்தாக்கு, இங்கே நடுவே வைகை. இரண்டு இடத்திலும் ராஜாங்க வேலையை அக்கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

மாளிகை வளைவுகளும் குவிமாடமும் கொண்டது. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தடித்த சுவர் சூடேறத் தாமதம் செய்கிறது. வாசற்படியில் நின்று சுவரின் கனத்தைச் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அங்கிருந்த பணியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சரா?" என்று கேட்டார். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!

மாளிகையின் பிற்காலக் கதையும் சொல்லத் தக்கது. நாயக்கர் ஆட்சிக்குப் பின் கைகள் மாறி, ஆங்கிலேயர் காலத்தில் மாவட்ட அதிகாரிகள் குடியிருக்கும் வீடானது. விடுதலைக்குப் பின் சென்னை மாகாண அரசு இதைக் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். காந்தியடிகள் 1921-இல் அரையாடைக்கு மாறியது இதே மதுரையில்தான். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. அதன் முன்னால் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சுவரை அளக்க வந்த நானும் அங்கே சிறிது நேரம் அளவை மறந்து நின்றேன். அரசி குளிர்ச்சி தேடி வந்த கூடத்தில், மேலாடை வேண்டாம் என்று முடிவெடுத்தவரின் துணி இருக்கிறது.

பிராக் மாளிகையும் இப்படித்தான் கைமாறியது. 1600-ஆம் ஆண்டையொட்டி வானியலாளர் டைகோ பிராஹே தன் கருவிகளை அங்கே வைத்து விண்மீன்களை நோக்கினார். 18-ஆம் நூற்றாண்டில் ராணுவத்தின் கைக்குப் போனது. இன்று கண்காட்சிகள் நடக்கின்றன. 'ஒரு கட்டடத்தின் தன்வரலாறு' என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், தமிழ்ப் பாடத்துக்கும் சேர்த்து ஆகும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மதுரையிலும், ஊர் திரும்பிய பிறகும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் எழுதிய 1670 எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. நூல்களில் 'ஏறத்தாழ 1670' என்றுதான் இருந்தது. 'ஏறத்தாழ' என்ற சொல்லை நான்தான் கரும்பலகைக்கு வரும் வழியில் தொலைத்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் இது. 'சுமார்', 'என்பர்', 'கருதப்படுகிறது' போன்ற சொற்களெல்லாம் நம் கையில் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஒரு பெயர், ஒரு ஆண்டு.

1670-இல் மதுரையை ஆண்டவர் சொக்கநாத நாயக்கர் (1659–1682). மங்கம்மாள் அவருடைய மனைவி. அவர்களின் மகன் முத்துவீரப்பர் 1689-இல் இறந்த பிறகுதான், கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதரின் சார்பில் மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆகவே மூன்று வழிகள் உண்டு. அவர் பட்டத்தரசியாக இருந்த காலத்திலேயே மாளிகை எழுந்திருக்கலாம். அல்லது அவர் ஆட்சியில் எழுந்து, மதிப்பிட்ட ஆண்டு சற்று முன்னே போயிருக்கலாம். அல்லது வேறொருவர் தொடங்கியதில் அவர் வாழ்ந்து, பெயர் அவருடையதாக நிலைத்திருக்கலாம். மூன்றாவது வழியை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்குப் பிராக் சாட்சி. 'அரசி அன்னாவின் கோடை மாளிகை' என்று உலகமே அழைக்கும் கட்டடத்தை முழுமையாகப் பார்க்க அன்னாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் 1547-இல் இறந்துவிட்டார். மேல்தளம் முடிந்தது 1560-களில். கட்டியவர் கணவர், முடித்துவைத்தவர்கள் பிறகு வந்தவர்கள், பெயர் மட்டும் அன்னாவுடையது.

தமுக்கம் என்ற சொல்லிலும் இதே சிக்கல். கோடை மாளிகை என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். யானைப் போர் நடக்கும் இடம் என்று இன்னொரு பொருளும் சொல்கிறார்கள். அருகில் அவ்வளவு பெரிய மைதானம் இருப்பதைப் பார்த்தால் இரண்டாவதையும் தள்ள மனம் வரவில்லை. காற்று வாங்கிக்கொண்டே வேடிக்கையும் பார்த்திருக்கலாமே!

அன்று மாலை புது மண்டபத்தையும் பார்த்தேன். திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கட்டியது. இதன் இன்னொரு பெயர் வசந்த மண்டபம். வைகாசி வசந்த விழாவில் அம்மனும் சுவாமியும் வந்து தங்கும் இடம். மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிரப்புவதற்கென்றே பள்ளமாக அமைத்திருக்கிறார்கள். அரசிக்கு ஆற்றைத் தாண்டி ஒரு கோடை மாளிகை என்றால், மீனாட்சிக்குத் தெருவைத் தாண்டியே ஒன்று. நான் சின்ன வயதில் வந்தபோது மண்டபம் முழுவதும் தையல்காரர்களும் புத்தகக் கடைகளுமாக இருந்தது. அந்தக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ஒரு நொடி எங்கள் ஊரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்த மாணவியைத் தேடிச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். "அப்ப நோட்டுல எப்படி மிஸ் திருத்தணும்?" என்று கேட்டாள். அவளையே எழுதச் சொன்னேன். '1670' என்பதற்கு முன்னால் 'சுமார்' என்று சேர்த்தாள். 'கட்டியவர்' என்பதை அடித்துவிட்டு 'பெயர் பெற்றது யாரால்' என்று எழுதினாள். எனக்கு அப்படி ஒரு சொற்றொடர் தோன்றியிருக்காது.

புதிய ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தைச் செயல்பாடுகளாக மாற்றினேன். கை கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

பிராக் மாளிகைத் தோட்டத்தில் 'பாடும் நீரூற்று' என்று ஒன்று உண்டு. 1560-களில் தோமாஷ் யாரோஷ் என்பவர் வெண்கலத்தில் வார்த்தது. அவர் தேவாலய மணிகள் வார்ப்பவர். தண்ணீர் வட்டிலில் சொட்டும்போது மணியோசை போல ஒலிக்கும். அதைக் கேட்க வட்டிலுக்கு அடியில் குனிந்து காது கொடுக்க வேண்டும். இதைச் செய்து பார்க்கச் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம், வீட்டிலிருந்து என் அம்மாவின் பழைய வெண்கலப் பானை ஒன்று. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு அடியில் காது வைத்துக் கேட்டோம். தாம்பாளம் 'டொக்' என்றது. வெண்கலம் பாடியது. ஏன் கோயில் மணி எவர்சில்வரில் செய்வதில்லை என்ற கேள்வியோடு வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் ஓடியது.

வளைவு பற்றிப் பேசும்போது ஒரு மாணவன் பாடத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அவன் அப்பா கொத்தனார். நான் கரும்பலகையில் வரைந்த வளைவைப் பார்த்து, "கீழ சென்ட்ரிங் அடிச்சுட்டுதான் மிஸ் செங்கல் வைப்பாங்க. உச்சியில நடுக்கல்லு டைட்டா உக்காந்ததும் சென்ட்ரிங்கப் பிரிச்சுடலாம், விழாது" என்றான். ஏன் விழாது என்பதை நான்கு நண்பர்களைத் தோளோடு தோள் சாய வைத்துக் காட்டினான். அதுவரை படிப்பில் பின்தங்கியவன் என்று என் பதிவேட்டில் இருந்தவன் அவன்.

மூன்றாவது, எங்கள் ஊரிலேயே கோடை மாளிகையைத் தேடியது. இதற்குச் செலவு இல்லை. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் போதும். ஆய்வகத்திலிருந்து வெப்பமானி எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முற்பகலில் நான்கு இடங்களில் அளந்தோம்: தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்துமிடம், மின்விசிறி ஓடும் எங்கள் வகுப்பறை, குளக்கரை மரநிழல், திருநாகேஸ்வரர் கோயில் கல் மண்டபம். மண்டபத்தில் அளப்பதென்றால் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். கோயிலுக்குள் வர விருப்பமில்லாத பிள்ளைகள் குளக்கரைக் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். குளக்கரைக் குழுவுடன் ஓர் ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு முன், எது மிகக் குளிர்ச்சி என்று எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலோர் மின்விசிறி ஓடும் வகுப்பறை என்று எழுதினார்கள். வெப்பமானி ஒத்துக்கொள்ளவில்லை. மின்விசிறியை நிறுத்தினாலும் போட்டாலும் பாதரசம் அசையாமல் நின்றது. விசிறி வியர்வையை ஆற்றுகிறது, அறையைக் குளிர்விப்பதில்லை என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். கல் மண்டபம்தான் வென்றது. தகரக் கொட்டகை பற்றிச் சொல்லவே வேண்டாம். "அப்ப பழைய ஆளுங்க கரண்ட் இல்லாமலே சமாளிச்சிருக்காங்க" என்று ஒருவன் சொல்ல, இன்னொருத்தி உடனே கேட்டாள்: "ராணி சமாளிச்சாங்க. தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சவங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பாடவேளை போயிற்று. கவலை ஏற்றம் பற்றித் தாத்தாவிடம் கேட்டு வந்தார்கள். பிராக் தோட்டத்தில் மண் கொத்தியவர்களின் பெயரும் இல்லை, வைகைக் கரையில் கல் சுமந்தவர்களின் பெயரும் இல்லை. மாளிகையின் படத்தை வரைந்து, அரசி நிற்கும் இடத்தில் மட்டுமல்லாமல் வேலை செய்தவர்கள் நின்றிருக்கும் இடங்களிலும் ஆள் வரையச் சொன்னேன். பல படங்களில் மாளிகை சின்னதாகவும் கிணறு பெரிதாகவும் இருந்தது.

கடைசியாக, அளந்த இடங்களுக்கு அட்டையில் குறிப்பு எழுதி வகுப்பில் ஒட்ட வேண்டும். திருநாகேஸ்வரர் கோயில் குழுவில் சண்டை வந்துவிட்டது. பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த ஊர் எங்களுடையது. கும்பகோணம் திருநாகேஸ்வரத்தைப் போலவே தன் ஊரில் ஒரு கோயில் வேண்டும் என்று அவர் எழுப்பியது இது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். 'கட்டியவர்: சேக்கிழார்' என்று எழுதுவதா, 'சேக்கிழார் கட்டியதாகச் சொல்வர்' என்று எழுதுவதா? "தமுக்கத்துக்கு ஒரு நியாயம், நம்ம ஊருக்கு ஒரு நியாயமா?" என்றது ஒரு கட்சி. "எங்க பாட்டி பொய் சொல்லுமா?" என்றது மறுகட்சி.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கோயிலில் கல்வெட்டு இருக்கிறதா, யாராவது படியெடுத்துப் படித்திருக்கிறார்களா என்று விசாரிக்க இருவரை அனுப்பியிருக்கிறோம். அதுவரை அந்த அட்டையில் 'கட்டியவர்' என்ற இடம் காலியாகவே இருக்கிறது. பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள்.